புஷ்பம் கொண்டுவந்த எலும்புகள்

ஓய்வு பெற்ற பிறகு விலங்கியல் துறைப் பக்கம் நான் அதிகம் போவதில்லை. போன மாதம் ஆராய்ச்சி மாணவர்கள் கூப்பிட்டார்கள் என்று போயிருந்தேன். இப்போதெல்லாம் மீனின் துடுப்பில் ஒரு நுனியை வெட்டிச் சின்னக் குழாயில் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். சில நாளில் கம்ப்யூட்டரில் பெயர் வந்துவிடுகிறது. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. நாங்கள் வருடக்கணக்கில் முட்டிக்கொண்டு நின்ற சில மீன்களுக்கு அது சுலபமாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பேச்சுவாக்கில் ஒரு பெண், வெறும் பல்லையும் செதிலையும் பார்த்து நீங்கள் எப்படி உறுதியாகச் சொன்னீர்கள், ரொம்பக் கஷ்டப்படுத்திய கேஸ் எது என்று மலையாளத்தில் கேட்டாள். செதில் வரிசை எண்ணுவதைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டு வந்தேன். கிழக்கேகோட்டைக்குத் திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்தபோதுதான் அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியது வேறு என்று தோன்றியது. என்னை மிகவும் கஷ்டப்படுத்திய கேஸில் மீனை அடையாளம் காண்பது கஷ்டமாகவே இருக்கவில்லை.

நான் நாகர்கோவில் பக்கத்தில் பிறந்து, கல்யாணமாகி மலையாள நாட்டில் இருக்கும் கரமனைக்கு வந்தவள். விலங்கியல் படித்திருந்ததால் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் துறையின் மீன் சேகரிப்பில் வேலை கிடைத்தது. முதல் வருடம் முழுக்க ஃபார்மலின் வாடையும் கண்ணெரிச்சலும்தான். வீட்டில் தலைவாரும் சீப்பில்கூட அந்த வாடை இருக்கிறது என்று என் கணவர் சொல்லுவார். அதற்கு மேல் அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

சேகரிப்புக்குப் பொறுப்பாக இருந்தவர் சீதாலட்சுமி மேடம். வலியசாலை அக்ரஹாரத்துக்காரர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். வாழ்க்கையில் ஒரு மீனைக்கூட வாயில் வைத்ததில்லை. ஆனால் விழிஞ்ஞம் துறைமுகத்தில் விடிகாலை ஏலம் நடக்கும்போது, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஈரத் தரையில் குத்துக்காலிட்டு ஒவ்வொரு கூடையாகப் பார்ப்பார். மீன்காரிகள் அவரைப் 'பெரிய டீச்சர்' என்பார்கள். எங்களைப் போன்றவர்கள் வெறும் டீச்சர்.

மேடம் எந்த மீனுக்கும் முதல் பார்வையில் பெயர் சொல்ல மாட்டார், நம்மையும் சொல்ல விட மாட்டார். மீனின் தலை இடது பக்கம் பார்க்கும்படி மெழுகுத் தட்டில் கிடத்த வேண்டும். துடுப்புகளை விரித்துக் குண்டூசி குத்தி, அவை அப்படியே விறைத்து நிற்கப் பிரஷ்ஷால் ஃபார்மலின் தடவ வேண்டும். பிறகு முள் எத்தனை, மென்கதிர் எத்தனை, பக்கக் கோட்டுக்கு மேலே செதில் எத்தனை வரிசை என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். சேர்ந்த புதிதில் ஒருநாள், முன்பல் தட்டையாக இருக்கிற மாதிரி இருக்கிறது என்று சொன்னேன். கண்ணைத் திறந்தார்.

"பகவதி, 'மாதிரி' வேண்டாம். இருக்கறதைச் சொல்லு. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு."

அவர் அதிகம் உழைத்தது ஸ்பாரிடே குடும்பத்தில். நம் கரையில் அந்தக் குடும்பத்து மீன்களில் பலவற்றைப் பொதுவாக ஏரி என்றே சொல்லிவிடுவார்கள். தமிழில் ஏரி என்றால் நீர்நிலை என்று நான் சொன்னபோது மேடம் சிரித்தது நினைவிருக்கிறது. அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு. அந்தக் குடும்பத்தில் ராப்டோசார்கஸ் என்று ஒரு பேரினம் உண்டு. உயரமான, பக்கவாட்டில் ஒட்டிய உடம்பு, வெள்ளி நிறம், செதில் வரிசைகளை ஒட்டி நெடுக ஓடும் பொன் கோடுகள். அந்தக் கோடுகளால்தான் அந்தப் பெயர், கிரேக்கத்தில் ராப்டோஸ் என்றால் கோல். பக்கத்துப் பேரினமான அக்காந்தோபாகரஸிலிருந்து அதைப் பிரிக்க வேண்டுமானால் வாயைத் திறந்து பார்க்க வேண்டும். அக்காந்தோபாகரஸுக்கு முன்பல் கூம்பாக, நாய்ப்பல்லாக இருக்கும். ராப்டோசார்கஸுக்கு முன்பல் தட்டை, மனிதனின் வெட்டுப்பல்போல. பின்னால் உருண்டையான கடைவாய்ப் பற்கள் வரிசை வரிசையாக இருக்கும், கடைசிப் பல் மட்டும் மற்றவற்றைவிட மிகப் பெரியது. சிப்பியையும் நத்தையையும் நொறுக்கித் தின்னும் மீனுக்கு அப்படித்தான் பல் வேண்டியிருக்கிறது. ஒரு பெரிய மீனின் வாயைத் திறந்து முதல்முறை பார்ப்பவர்கள் சற்றுப் பின்வாங்குவார்கள். நானும் பின்வாங்கியிருக்கிறேன்.

நான் வேலையில் நன்றாக ஊன்றிவிட்ட காலத்தில், ஒரு மழைக்காலத்தின் முடிவில், ஒரு சப் இன்ஸ்பெக்டர் காலி ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து மேடத்தின் மேசைமேல் வைத்தார். உள்ளே வெள்ளைத் துணியில் ஏதோ முடிந்திருந்தது.

நடந்ததை அவர் சொன்னார். விழிஞ்ஞத்துக்குத் தெற்கே ஒரு கரையிலிருந்து இரண்டு பேர் மீன்பிடிக்கப் போன வள்ளம் திரும்பவில்லை. ஒருவரின் உடல் சில நாளில் ஒதுங்கிவிட்டது. மற்றவர் மரியதாசன், வயது முப்பதுக்குள். அவர் கிடைக்கவில்லை. வாரங்கள் கழித்து, கரையிலிருந்து இழுக்கும் கம்பவலையில் குப்பையோடு நீலக்கட்டம் போட்ட சட்டைத் துணி ஒன்று வந்தது. அதற்குள் பல்லோடு ஒரு எலும்புத்துண்டு சிக்கியிருந்தது. சட்டை மரியதாசனுடையதுதான், பொத்தானை வேறு நிற நூலில் தைத்துக் கொடுத்தது அவர் மனைவி. மரியதாசனுக்கு முன்பல் ஒன்றின் ஓரம் உடைந்திருக்கும். இந்த எலும்பிலும் ஒரு முன்பல்லின் ஓரம் உடைந்திருந்தது. அவருடைய அம்மா அதைக் கையில் வாங்கி முத்தம் கொடுத்துவிட்டாள். பள்ளியில், அதாவது மாதா கோயிலில், அடக்கத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. மெடிக்கல் காலேஜ் டாக்டர் பார்த்ததுமே இது மனித எலும்பு அல்ல என்று சொன்னாராம். ஆனால் வீட்டுக்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. மீன் என்றால் மீன் ஆட்களே எழுதித் தரட்டும் என்று டாக்டர் இங்கே அனுப்பியிருக்கிறார்.

மேடம் துணியை அவிழ்த்தார். எலும்போடு ஜெபமாலையிலிருந்து கழன்ற ஒரு சின்னச் சிலுவையும் இருந்தது. அந்த அம்மா வைத்ததாக இருக்க வேண்டும். மேடம் அதை இரண்டு விரலால் எடுத்து, சுத்தமான கண்ணாடித் தட்டில் வைத்து மூடினார். அதற்குப் பிறகுதான் எலும்பைத் தொட்டார்.

என்னிடம், "சொல்லு" என்றார்.

மேல்தாடை எலும்பு, இடது பாதி. முன்னால் மூன்று பற்கள், தட்டை. நடுவிலுள்ளதன் ஓரம் உடைந்திருக்கிறது. பின்னால் உருண்டைப் பற்கள், நாலு வரிசை. கடைசிப் பல் மொச்சைக்கொட்டை அளவு. எந்தப் பல்லுக்கும் வேர் இல்லை, எலும்போடு ஒட்டியே வளர்ந்திருக்கிறது. சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டேன். மனிதனுக்குக் கடைவாய்ப் பல் ஒரே வரிசைதான், அதுவும் வேரோடு குழிக்குள் இருக்கும். இனி சொல்ல என்ன இருக்கிறது?

சப் இன்ஸ்பெக்டருக்கும் புரிந்துவிட்டது. அவர் மோசமான மனிதர் அல்ல. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, தீர்மானமாகச் சொல்ல இயலவில்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், அவர்கள் அடக்கம் செய்துகொள்ளட்டும், இதனால் யாருக்கும் கேடில்லை என்று மலையாளத்தில் மெல்லச் சொன்னார். அவர் போன பிறகு நானும் அதையே மேடத்திடம் கேட்டேன். ஒரு தாய்க்குப் புதைக்க ஏதாவது ஒன்று வேண்டாமா என்றேன்.

"சந்தேகம் இருந்தா சந்தேகம்னு எழுதலாம்டி. இல்லாத சந்தேகத்தை நான் எங்கேர்ந்து கொண்டுவரது?"

அன்று அவர் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

மனித எலும்பு அல்ல என்று ஒரு வரி எழுதி அன்றைக்கே அனுப்பியிருக்கலாம். மேடம் அனுப்பவில்லை. எலும்பை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் மணலை எடுத்தார். சேகரிப்பில் இருந்த ஏரி மீன்களின் ஜாடிகளை ஒவ்வொன்றாக இறக்கச் சொன்னார். ஒவ்வொரு வாயையும் திறந்து, இதன் பக்கத்தில் வைத்து, உருப்பெருக்கியின் கீழே பார்த்தார். வெளிச்சம் போனதும் நிறுத்திவிட்டு மறுநாள் தொடர்ந்தார். தெரிந்துபோன விஷயத்துக்கு எதற்கு இவ்வளவு என்று எனக்கு உள்ளுக்குள் கோபம்கூட வந்தது. அவர் தலையைத் தூக்காமலே பதில் சொன்னார்.

"மனுஷா இல்லைன்னு மட்டும் எழுதினா, அப்போ என்னதுன்னு அந்தப் பொண்ணு ஆயுசு பூரா கேட்டுண்டே இருப்பா. அது இன்னதுன்னு கையில கொடுக்கணும்."

கடைசியில் எழுதியது சில வரிகள்தான். ஸ்பாரிடே குடும்பம், ராப்டோசார்கஸ் பேரினத்து மீன் ஒன்றின் இடது மேல்தாடை எலும்பு. தட்டையான முன்பற்களும் பெரிய கடைசிப் பல்லும் ஆதாரம். அந்தப் பேரினத்துக்குள் எந்த இனம் என்று இந்தத் துண்டைக் கொண்டு தீர்மானிக்க இயலாது. அந்தக் கடைசி வரியை எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

முடிவை ஸ்டேஷனில் வைத்துச் சொல்ல வேண்டாம், இங்கே வரச் சொல்லுங்கள் என்று மேடம் கேட்டுக்கொண்டார். மருமகளும் மாமியாரும் வந்தார்கள். மருமகள் பெயர் புஷ்பம். குளச்சல் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது, பிள்ளை இல்லை. வெள்ளைச் சேலையில் வந்திருந்தாள். அவள் பேச்சு எங்கள் ஊர்ப் பக்கத்துப் பேச்சு என்பதால் சொல்கிற வேலை எனக்கு வந்தது.

மேடம் முதலில் அந்தச் சிலுவையை மாமியாரின் கையில் கொடுத்தார். பிறகு நான் ஜாடியிலிருந்து ஒரு பெரிய ராப்டோசார்கஸை எடுத்துத் தட்டில் வைத்து அதன் வாயைத் திறந்து காட்டினேன். பக்கத்தில் அந்த எலும்பை வைத்தேன். பாருங்க என்று மட்டும் சொன்னேன்.

புஷ்பம் குனிந்து பார்த்தாள். விரலால் அந்த மீனின் பல்லைத் தடவினாள். பிறகு எலும்பின் பல்லைத் தடவினாள்.

"இது ஏரி மீனாக்கும் டீச்சர்" என்றாள். "நா இத எத்தனையோ வித்திருக்கேன். தலய வெட்டிக் குடுத்திருக்கேன்."

தினமும் கையாளுகிற மீனின் பல்லை இவள் எப்படித் தன் புருஷனின் பல் என்று நினைத்தாள் என்று நீங்கள் கேட்கலாம். நான் கேட்கவில்லை. வலையில் அந்தச் சட்டையைப் பார்த்த கண்ணுக்கு அதற்கு மேல் வேறு எதுவும் தெரிந்திருக்காது.

மாமியார் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்க மொவனுக்க ஒரு பல்லாவது கெடச்சுதேன்னு இருந்தேன்" என்றாள். அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, மீனென்றாலும் பரவாயில்லை, அதைத் தந்துவிடுங்கள், கொண்டுபோய்ப் புதைத்துக்கொள்கிறேன் என்று மேடத்தைப் பார்த்துக் கேட்டாள். அது போலீஸுக்குத் திரும்பிப் போக வேண்டியது. மேடம் முடியாது என்று சொல்லவில்லை. பக்கத்தில் தரையில் போய் உட்கார்ந்து அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அக்ரஹாரத்து மேடமும் கடற்கரை அம்மாவும் அப்படி எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்துக்கொண்டிருந்தது புஷ்பத்தை.

அவள் முகம் மாறிக்கொண்டு வந்தது. எனக்குப் பயமாக இருந்தது.

"அப்பொ அவரு கடல்ல கெடக்கல்ல" என்றாள். "டீச்சர், அப்பொ அவரு எங்கயோ இருக்காரு. அல்லே?"

நான் மேடத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தரையில் உட்கார்ந்தபடியே சொன்னார்.

"இது அவர் இல்லைம்மா. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

புஷ்பம் தலையாட்டினாள். ஆனால் அவளுக்குக் கேட்டது முதல் பாதிதான் என்று நினைக்கிறேன். அடக்கம் நின்றுபோயிற்று. மறுவாரம் அவள் வெள்ளைச் சேலையை மாற்றிவிட்டாள் என்று சப் இன்ஸ்பெக்டர் போனில் சொன்னார். அவர் குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் மேடம் போனை வைத்த பிறகு ரொம்ப நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளதைச் சொன்னதற்காக அவர் வருந்தினாரா என்று எனக்குத் தெரியாது. வேதனைப்பட்டார், அது தெரியும்.

சில மாதம் கழித்துப் புஷ்பம் தனியாக வந்தாள். இடுப்பில் மீன் கூடை. காலையில் சந்தையில் விற்றுத் தீர்த்துவிட்டு பஸ் ஏறி வந்திருந்தாள். கூடையின் அடியிலிருந்து வாழையிலையில் சுற்றிய ஒரு எலும்பை எடுத்து மேசையில் வைத்தாள். வலையில் வந்தது, என்னவென்று பார்த்துச் சொல்லுங்கள் என்றாள். அது ஆமையின் ஓட்டுத்துண்டு. பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. மேடம் அதை எடுத்துத் தட்டில் வைத்தார். அளந்தார். உருப்பெருக்கியின் கீழே வைத்தார். என்னைச் சொல்லச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்டார். கடைசியில் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அது பல வருடம் நடந்தது. கரையில் எந்த வலையில் எலும்பு வந்தாலும் புஷ்பத்துக்கு எடுத்து வைப்பது வழக்கமாகிவிட்டது போலும். விலாங்கின் தாடை, சுறாவின் முதுகெலும்பு, நாயின் பல், யாரோ தின்று எறிந்த கோழிக்கால். எதையும் மேடம் ஒதுக்கவில்லை. துறையில் சிலர் சிரித்தார்கள், அவர் காதில் வாங்கவில்லை. ஒருமுறை அவள் கெளுத்தியின் மண்டையோடு ஒன்று கொண்டுவந்தாள். கடல் கெளுத்தியின் மண்டையைத் திருப்பிப் பார்த்தால், அடியில் சிலுவையில் அறைந்த உருவம் ஒன்று தெரியும். இது அடையாளமா என்று கேட்டாள். எல்லாக் கெளுத்திக்கும் இப்படித்தான் இருக்கும் என்று மேடம் சொன்னார்.

"எல்லாத்துக்கும் உண்டா?"

"எல்லாத்துக்கும்."

"செரி" என்று சொல்லி அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.

ஒரே ஒரு தடவை மேடத்தின் கை நின்றது. விலா எலும்பின் துண்டு அது. மீன் அல்ல, ஆமை அல்ல. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மெடிக்கல் காலேஜுக்கு நானே கொண்டுபோனேன். புஷ்பமும் கூடவே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஆட்டின் விலா என்று டாக்டர் சொன்னார். வெளியே வந்து சொன்னபோது அவள் முதலில் மூச்சுவிட்டாள், பிறகு அழுதாள். எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை.

ஏழு வருடம் சேதி இல்லாதவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்று சட்டம் இருக்கிறது. அதன்படி அவளுக்கும் சான்றிதழ் வந்தது. சொல்லவே வந்தாள். "காயிதத்துல செத்துட்டாரு டீச்சர்" என்றாள். அந்த முறையும் கூடையில் ஒரு எலும்பு இருந்தது.

மேடம் ஓய்வு பெற்ற நாளில் சாவிகளை என்னிடம் ஒப்படைத்தார். அந்தப் பெண் வந்தால் காக்க வைக்காதே என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு புஷ்பம் கொண்டுவந்ததை நான் பார்த்தேன், அவர் செய்ததுபோலவே எல்லாம் செய்தேன். வருகை குறைந்துகொண்டு வந்தது. வருடத்துக்கு ஒரு தடவை, பிறகு அதுவும் இல்லை.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு ஒருநாள் வந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. கூடையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் வழக்கம்போலத் தட்டைக் கழுவி எடுத்து வைத்தேன். அவள் ஒன்றும் எடுக்கவில்லை. மாமியார் போய்விட்டாள் என்றாள். பள்ளியில் அடக்கினோம், கல்லில் அவள் பெயருக்குக் கீழே மகன் பெயரையும் எழுதச் சொல்லிவிட்டேன், இனிமேல் யாரும் எனக்கு எலும்பு எடுத்துவைக்க வேண்டாம் என்று கரையில் சொல்லிவிட்டேன் என்றாள். கான்டீனிலிருந்து சாயா வரவழைத்தேன். குடித்து முடித்து, பெரிய டீச்சர் எப்படி இருக்கிறார் என்று கேட்டாள்.

நான் சொல்ல வேண்டியிருந்தது. மேடம் அதற்கு முந்தின மாதம்தான் காலமாகியிருந்தார். நோய் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வலியசாலை வீட்டில், தூக்கத்தில்.

புஷ்பம் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குனிந்தாள். அவளை நான் பலமுறை அழப் பார்த்திருக்கிறேன். இப்படி அழுது பார்த்ததில்லை. இத்தனை வருடம் உள்ளே நின்றது எல்லாம் அன்றுதான் வழி கண்டதோ என்னவோ. அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நீங்க போனியளா டீச்சர்?"

"போனேன்."

"கெடத்தியிருக்கும்போ பாத்தியளா?"

"பார்த்தேன்."

"மொகத்தப் பாத்தியளா?"

"பார்த்தேன் புஷ்பம். தொட்டும் பார்த்தேன்."

"அப்பொ செரி" என்றாள். "அது மதி, போதும்."

கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.